ஜொகூரில் ஒரு டயாலிசிஸ் வேன்

நாற்பத்தொரு வயதில், தொழில் என்ற இடத்தில் 'மாணவர்' என்று எழுதினால் குடிநுழைவு அதிகாரிகள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஜொகூருக்குள் நுழைந்த அன்றும் பார்த்தார்கள். முக்காடு அணிந்த இளம்பெண் ஒருவர் என்ன படிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குளோபல் ஹெல்த், பி.எஸ்சி., இரண்டாம் ஆண்டு என்றேன்.

"டாக்டரா?"

"இல்லை."

"டாக்டர் ஆகப்போகிறீர்களா?"

"அதுவும் இல்லை."

கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

சேலத்தில் நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவன். தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர்களின் அறைக்கு வெளியே காத்திருப்பதுதான் என் இளமை. மனைவி செவிலியர். அவளுக்கு இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் வேலை கிடைத்தது, நானும் போனேன். அங்கே சும்மா இருக்கப் பிடிக்காமல் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள். இந்தப் படிப்பில் உடலை அறுத்துப் பார்ப்பதில்லை, ஊசி போடுவதில்லை. ஒரே நோய் ஓர் ஊரில் ஏன் ஆளைக் கொல்கிறது, இன்னோர் ஊரில் ஏன் விட்டுவிடுகிறது என்று கணக்குப் போடுகிறோம். இரண்டாம் ஆண்டில் களப்பணி உண்டு. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் விரிவுரையாளர் அம்மையார் என்னை இங்கே அனுப்பினார்.

பத்து பாகாட் என்ற ஊரில் ஓர் அறநிலையம் நடத்தும் டயாலிசிஸ் நிலையம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாரம் மூன்று முறை, நாலு மணி நேரம், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தப்படுத்தி அனுப்புகிறார்கள். சுற்று வட்டாரத்து நோயாளிகளை அழைத்துவர ஒரு வேன் உண்டு. பத்து நாள் அந்த வேனிலேயே போய்வர வேண்டும். யார் எத்தனை மணிக்கு ஏறினார்கள், யார் வரவில்லை, ஏன் என்று குறிக்க வேண்டும். பார்க்கலாம், எழுதலாம், தலையிடக்கூடாது. இந்தக் கட்டுரையிலும் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

வியாழக்கிழமை காலை. வேன் ஓட்டுநர் குணா, ஐம்பதைத் தாண்டியவர், விடுதி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் டிபன் ஆச்சா என்போம். இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பெயர் பசியாறுவதுதானாம். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சொன்னார். பரோட்டாவின் தம்பி மாதிரி இருந்தது, ஆனால் பரோட்டாவை விட லேசு. தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறி. தனக்கு "தே ஓ கோசோங்" என்றார். பால், சர்க்கரை இரண்டும் இல்லாத தேநீர்.

"இந்த வண்டி ஓட்டிப் பாருங்க, முக்காவாசிப் பேருக்குச் சக்கர வியாதியிலதான் கிட்னி போச்சு, அப்புறம் சீனி போட மனசு வராது," என்றார். இந்த வேனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். அதற்கு முன் சிங்கப்பூருக்கு வேலையாட்களை ஏற்றிச்செல்லும் பஸ் ஓட்டினார்.

யோங் பெங்கைத் தாண்டி, சடக்கு என்று இங்கே சொல்லும் பெரிய சாலையிலிருந்து, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் வண்டி திரும்பியது. நுழைவில் சிவப்பும் வெள்ளையுமாக இரும்புக் கம்பித் தடுப்பு, பக்கத்தில் காவல் கொட்டகை. இங்கே காவலாளியை ஜாகா என்கிறார்கள். நேப்பாளத்துக்காரர், கையை உயர்த்திவிட்டுத் தடுப்பைத் தூக்கினார். உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் செம்பனை. கடைசியில் பழைய லயத்து வீடுகள், தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டியவை. அதில் ஒன்றின் வாசலில் கைப்பையோடு நின்றிருந்தார் ரோஸ்மேரி அக்கா.

வயது ஐம்பத்தெட்டு. பத்து பாகாட் துணித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சட்டைக் காலர் தைத்தவர். கணவர் இந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், மூன்று வருடம் முன்பு இறந்துவிட்டார். மகள் சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவாள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புது டாக்டரா, குணா?"

"டாக்டர் இல்லக்கா. படிக்கிறாரு."

"இந்த வயசிலயா?"

நான் என் படிப்பைப் பற்றி விளக்கினேன். ஓர் இடத்தில் மருந்து இருக்கிறது, இன்னோர் இடத்தில் இல்லை, ஏன் என்று படிப்பது என்றேன்.

"அதுக்கு மூணு வருஷமா?" என்றார் குணா, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. ரோஸ்மேரி அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஆயர் ஈத்தாமில் லியோங் என்ற சீனப் பெரியவர் ஏறினார். அவரோடு மலாயில் பேசிக்கொண்டார்கள். எனக்கு வேண்டியதைக் குணா மொழிபெயர்த்தார். அன்று நிலையத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இருவரிடமும் என் கேள்வித்தாளை நிரப்பினேன். போக்குவரத்துப் பகுதியில் முதல் கேள்வி, எந்த வாகனத்தில் வருகிறீர்கள் என்பது. நிலையத்தின் வாகனம் என்று பதில் வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் தாண்டி அடுத்ததற்குப் போகச் சொல்லியிருந்தது. தாண்டினேன்.

திரும்பும் வழியில் வெயில் கொளுத்தியது. மரியாதைக்காக நாலு இளநீர் வாங்கிவந்து நீட்டினேன். லியோங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோஸ்மேரி அக்கா இளநீரை வாங்கி என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"தம்பி, இத குடிச்சா நான் வீட்டுக்குப் போக மாட்டேன், நேரா மேல போயிருவேன்."

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதானவர்களின் இதயத்தை அது நிறுத்திவிடும். போன பருவத்தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். இரண்டு இளநீரை நானும் குணாவும் குடித்தோம். மற்ற இரண்டும் யோங் பெங் வரை என் காலடியில் உருண்டுகொண்டே வந்தன.

சனிக்கிழமை வண்டி தோட்டத்து முகப்பில் திரும்பவில்லை. நேரே போயிற்று.

"அக்கா?" என்றேன்.

"சனிக்கிழம அவங்க வரமாட்டாங்க. நான் வந்ததிலருந்து அப்படித்தான். கேட்டா வீட்ல வேலம்பாங்க."

நிலையத்தின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சனிக்கிழமைதோறும் ஒரே குறிப்பு: நோயாளிக்கு விருப்பமில்லை. என் தாளிலும் அதற்கு ஒரு எண் இருந்தது, நாலு. எழுதினேன்.

ஞாயிறு முழுக்க மழை. பத்து பாகாட் கடைத்தெருவில் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்கு ஓடினேன். மாலையில் நின்ற இடம் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் இரண்டு தமிழ்ப் பெண்கள், தொழிற்சாலைச் சீருடையில். "அலமாக், நாளைக்கும் இப்படிப் பேஞ்சா பஸ்ஸு எங்க வரும்லா," என்றாள் ஒருத்தி. 'அலமாக்' என்றால் ஐயையோ என்பது புரிந்தது, ஆனால் அந்த 'லா'வை எங்கே போட வேண்டும் என்று பத்து நாளில் எனக்குப் பிடிபடவே இல்லை. முயன்றபோதெல்லாம் குணா சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை லயத்து வாசலில் ரோஸ்மேரி அக்கா நின்றிருக்கவில்லை, படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிக் கண்கள் சின்னதாகியிருந்தன. வண்டிக்கு வர நாலு முறை நின்றார். மூன்று இரவாகப் படுக்க முடியவில்லையாம், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், நாற்காலியிலேயே இருந்திருக்கிறார். வியாழனிலிருந்து செவ்வாய்வரை ஐந்து நாள். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலுக்குள் ஏறியிருந்தது.

குணா அன்று ஆயர் ஈத்தாமில் நிறுத்தி லியோங்கை ஏற்றிக்கொண்டதோடு சரி, வேறெங்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மூச்சு விடுவது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கையிலிருந்த தாளில் நேரத்தை எழுதினேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்தில் எடை பார்த்தார்கள். நாலரைக் கிலோ கூடியிருந்தது. பொறுப்புச் செவிலியர், மலாய்ப் பெண், பெயர் சல்மா, ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிடலாமா என்று தொலைபேசியை எடுத்தபடியே நின்றார். அரை மணி நேரம் பார்ப்போம் என்று முடிவாயிற்று. இயந்திரம் ஓட ஓட அக்காவின் மூச்சு மெல்ல இறங்கியது. சல்மா அப்போதுதான் கடிந்துகொண்டார். குணா என் காதில் சொன்ன மொழிபெயர்ப்பு: "சனிக்கிழமை வந்திருந்தால் இது உண்டா? நீங்கள் சாவதைப் பார்க்க நான் இந்த வேலைக்கு வரவில்லை." அக்கா முகமூடிக்குள் கண்ணை மூடிக்கொண்டார். சல்மா திரும்பிப் போய் மருந்தறை வாசலில் சிறிது நேரம் முதுகைக் காட்டி நின்றார்.

வியாழக்கிழமை வேன் மக்கர் செய்தது. ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகளுக்கு எதிரே புகை கிளப்பி நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் குணா பட்டறைக்காரரைத் தேடிப் போனார். லியோங் கடைக்குள் போய் டிராகன் போட்ட ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ரோஸ்மேரி அக்காவும் நானும் கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பூந்தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். பேச ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. கேள்வித்தாள் வேனுக்குள் இருந்தது.

"சனிக்கிழமை வீட்டில் என்ன வேலை அக்கா?"

"ஒரு வேலையும் இல்ல தம்பி."

ஒரு தொட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார். சனிக்கிழமை தோட்டத்தில் அரை நாள். ஒரு மணிக்குத் தடுப்பைப் பூட்டிவிடுவார்கள், செம்பனைக் குலை திருட்டுப் போவதால். தடுப்புக்குப் பக்கத்து இடைவெளியில் மோட்டார் சைக்கிள் நுழையும், வேன் நுழையாது. நாலரை மணிக்கு வேன் அவரைப் பெரிய சடக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை.

"மிஷின்லருந்து எறங்கினா கால் நம்ம கால் மாதிரி இருக்காது. பழைய டிரைவர் இருந்தப்ப ஒரு நாள் நடுவழியில விழுந்துட்டேன். எவ்வளவு நேரம் கெடந்தேன்னு தெரியாது. கையில ஊசி போட்ட எடம் பிச்சுக்கிச்சு. பைக்ல வந்த பங்களாதேஷ் பையன் பாத்துத் தூக்கிட்டுப் போனான். சட்டையெல்லாம் ரத்தம் அவனுக்கு. அன்னையிலருந்து சனிக்கிழம வேணாம்னு விட்டுட்டேன்."

"தோட்டத்து ஆபீசில் சொல்லியிருக்கலாமே."

அவர் என்னைப் பார்த்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல.

"வீடு தோட்டத்து வீடு தம்பி. அவரு லாரி ஓட்டினாரு, குடுத்தாங்க. அவரு போய்ட்டாரு, யாரும் ஒண்ணும் கேக்கல. நான் போய் கேட் தொறங்கன்னு நின்னா, நீ யாரு, எந்த வீடுன்னு கேப்பாங்க. அவங்களுக்கு அந்த வீடு ஞாபகம் வந்துரும். சல்மாகிட்ட சொன்னா அவங்க போன் போட்டுக் கேப்பாங்க, நல்ல மனசு. அதான் சொல்லல."

பிறகு, "நீங்களும் போய்ச் சொல்லாதீங்க," என்றார்.

குணா பட்டறைக்காரரோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் நேரே போய் வேனின் மூடியைத் திறந்தார்.

அன்று இருவருக்கும் மூன்று மணி நேரம்தான் இயந்திரம் கிடைத்தது. அக்கா படுத்திருந்தபோது நான் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். உடனே பதில் வந்தது. முக்கியமான தகவல், நன்றாகப் பதிவு செய்யுங்கள், நோயாளிக்கு எந்த வாக்குறுதியும் தராதீர்கள், அவர் சம்மதமில்லாமல் யாரிடமும் பேசாதீர்கள். எல்லாம் சரியான வார்த்தைகள். வாசலில் புகைத்துக்கொண்டிருந்த குணாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்போ சம்மதம் கேளுங்க," என்றார்.

குணாவின் யோசனை எளிமையானது. ஆளைப் பற்றிப் பேசக் கூடாது, வண்டியைப் பற்றி மட்டும் பேச வேண்டும். இந்த எண்ணுள்ள வேன் சனிக்கிழமை நாலரை மணிக்கு நோயாளியை இறக்க உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான். நான் ஆங்கிலத்தில் எழுதினேன், குணா மலாயில் சொன்னார், சல்மா தட்டச்சு செய்தார். அதற்கு முன்பே, விஷயத்தைச் சல்மாவிடம் சொல்ல அக்காவின் சம்மதத்தைக் கேட்டோம். கூரையைப் பார்த்தபடி தலையசைத்தார். சல்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பதிவேட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினோம். 'லயத்தில் வசிக்கும் நோயாளி' என்று ஓரிடத்தில் இருந்தது.

"லயம் வேணாம்," என்றார். எடுத்தோம்.

"இப்ப குடுங்க. நடந்தது நடக்கட்டும். செவ்வாக்கெழம மாதிரி இன்னொரு நாள் என்னால முடியாது."

வெள்ளிக்கிழமை குணாவும் நானும் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனோம். மருந்துப் பையோடு எத்தனையோ அறை வாசல்களில் காத்திருந்தவன் நான். இந்த வாசலில் கடிதத்தை மூன்று முறை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வேலை நடக்காமல் போனால் எனக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போய்விடுவேன். அந்த நினைப்புதான் உறுத்தியது.

கிராணி என்று இங்கே சொல்லும் எழுத்தர், முப்பது வயதுத் தமிழ்ப்பெண், மேசையில் பெயர்ப்பலகை: கவிதா. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எந்த வீட்டு ஆளு?"

குணா சொன்னார், "அந்தப் பக்கம் போற ஆளுதான். வண்டி அந்தப் பக்கம் போவணும்."

"ரெஜிஸ்டர்ல வீட்டு நம்பர் போடணுமே அண்ணே. யாரு பேருல இருக்குன்னு பாக்கணும்."

மேசையின் இடது பக்கம் ஒரு தடித்த பதிவேடு இருந்தது. அவர் அதை இழுத்துத் திறந்தார், விரலை வைத்து வரிசையாக இறக்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்பினார்கள். குணா தன் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்ச்சுல ரெண்டு வாரமா அவங்க எடம் காலியா இருந்துச்சு," என்றார் கவிதா மெதுவாக. எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு பதிவேட்டை மூடி இருந்த இடத்தில் தள்ளி வைத்தார். தொலைபேசியை எடுத்து மேலாளரை அழைத்து மலாயில் பேசினார். அவர் சொன்னதைப் பிற்பாடு வெளியே வந்தபோது குணா மொழிபெயர்த்தார்: "டயாலிசிஸ் வண்டி சார். சனிக்கிழமை நாலரைக்கு. ஆமா, நிலையத்தின் கடிதம் இருக்கு. வண்டி எண் குறித்துவிட்டேன். ஒரே வண்டிதான்." அந்தப் பக்கத்தில் மேலாளர் எந்த வீடு என்று கேட்டாரா, கேட்டால் இவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. குணாவும் சொல்லவில்லை.

ஒரு தாளில் வண்டி எண்ணும் நேரமும் மட்டும் எழுதி, அலுவலக முத்திரையைக் குத்தினார் கவிதா. இங்கே அதை 'சாப்பு' என்கிறார்கள்.

"எனக்கு யாருன்னு தெரியாது," என்று சொல்லித் தாளைக் கொடுத்தார்.

தடுப்புக்குப் பக்கத்தில் ஜாகாவிடம் தாளைக் காட்டினோம். சாவி அவரிடமே இருக்கிறது. சனிக்கிழமை மாலை கொட்டகைக்குப் பின்னால் தன் அறையில் சமைத்துக்கொண்டுதான் இருப்பாராம். அந்த அம்மா விழுந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. "தாள் இல்லாமல் திறந்தால் எனக்கு வேலை போய்விடும்," என்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை லயத்து வாசலில் ரோஸ்மேரி அக்கா நின்றிருந்தார், கைப்பையோடு. நிலையத்தில் அவருக்கான இயந்திரம் தயாராக இருந்தது. சல்மா மற்ற நாள்களைப் போலவே எடை பார்த்தார், ஊசி போட்டார், போகும்போது போர்வையை மட்டும் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

நாலு மணி முப்பத்தைந்துக்குத் தடுப்பின் முன் வேன் நின்றது. குணா ஒருமுறை ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் எறங்கிக்கிறேன் குணா, பரவால்ல," என்று கதவில் கை வைத்தார். குணா கதவைப் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டு இன்னொருமுறை ஹாரன் அடித்தார். கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஜாகா கரண்டியோடு வந்தார். தாளை எடுத்து, வண்டி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

வீட்டு வாசலில் அக்கா இறங்கும்போது நான் கை கொடுத்தேன். "நீங்க நாளைக்குப் போயிருவீங்க, அடுத்த வாரம் தொறப்பாங்களா?" என்று கேட்டார். தாளில் கடைசித் தேதி போடவில்லை என்றேன். அதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

இங்கிலாந்து திரும்பிய வாரத்தில் விரிவுரையாளர் என் தரவுகளைப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்தக் கடைசிச் சனிக்கிழமை என் தலையீட்டால் நடந்தது, அதை ஆய்வில் சேர்க்க முடியாது, நீக்கிவிடுங்கள் என்றார். அவர் சொன்னது சரி. தேர்வில் கேட்டால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். நீக்கினேன். வராத காரணத்தை மட்டும் திருத்த அனுமதித்தார், நாலை அழித்துவிட்டு 'மற்றவை' என்று போட்டேன்.

குணா அவ்வப்போது குரல்செய்தி அனுப்புகிறார். தடுப்பு திறக்கிறது. வீட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. அக்கா ஒரு சனிக்கிழமையும் விடவில்லை.

என் அறிக்கை கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதில் அவர் இன்னும் சனிக்கிழமைகளில் வருவதில்லை.